துப்புத் துலங்காத வழக்குகளில் வெளியாள் என்ன செய்ய முடியும்? கோப்பு, சாட்சி, சதிக் கதை

#1 பழுப்புக்கோப்பு

முப்பது நாற்பது வருடப் பழைய, துப்புத் துலங்காத கொலை வழக்கு ஒன்றை வெளியாள் ஒருவர் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது செய்தித்தாள் நறுக்குகள், மரண விசாரணை அறிக்கையின் நகல், ஓரிரண்டு ஆவணத் தொடர்கள், இணையம் முழுக்க ஊகங்கள். காவல்துறைக் கோப்பு கிடைக்காது. சாட்சிகளில் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் வாய் திறப்பதில்லை.

எங்கிருந்து தொடங்குவது? பேசாத சாட்சியிடம் போகலாமா? வழக்கைச் சுற்றி முளைத்திருக்கும் சதிக் கதைகளை எப்படிச் சலிப்பது? "அமெச்சூர்கள் எதையுமே கண்டுபிடித்ததில்லை" என்ற வாதமும் வேண்டாம், "போலீஸ் தூங்கியது, நாங்கள்தான் பிடித்தோம்" என்ற வாதமும் வேண்டாம். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஏட்டுச்சுவடு

யார் செய்தது என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். முதல் வேலை காலவரிசை.

விரிதாளில் ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு. பத்திகள் இவை: என்ன நடந்தது; சாட்சி சொன்ன நேரம், அவர் வார்த்தையிலேயே; அது இருக்கக்கூடிய மிக முந்தைய நேரம்; மிகப் பிந்தைய நேரம்; யார் சொன்னார்; எந்தத் தேதியில் சொன்னார்; எந்த ஆவணம், எந்தப் பக்கம். "எந்தத் தேதியில் சொன்னார்" என்ற பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சம்பவத்துக்கு மறுநாள் கொடுத்த வாக்குமூலமும் இருபது வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் சொன்னதும் ஒரே மதிப்பில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் காலவரிசை எதற்கும் ஆகாது.

"பத்து மணி இருக்கும்" என்று ஒருவர் சொன்னால் 10:00 என்று எழுதாதீர்கள். 9:45 முதல் 10:20 வரை என்று எழுதுங்கள். மனிதர்கள் பெரும்பாலும் கால்மணி, அரைமணிக் கணக்கில்தான் நேரம் சொல்வார்கள். அடுத்து, இயந்திரமோ பதிவேடோ குறித்துவைத்த நேரங்களைத் தேடுங்கள்: கட்டுப்பாட்டு அறைக்கு வந்த முதல் அழைப்பு, ரயில் புறப்பட்ட நேரம், மருத்துவமனையில் சேர்த்த நேரம். "வானொலியில் செய்தி முடிந்து பாட்டு ஆரம்பித்தபோது" என்று சாட்சி சொல்லியிருந்தால் அது பொக்கிஷம். அன்றைய நிகழ்ச்சி நிரல் பழைய செய்தித்தாளிலேயே இருக்கும், அவர் சொல்லும் கடிகார மணியைவிட அதை நம்பலாம். பதிவேடுகளின் கடிகாரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பது வேறு விஷயம். இரண்டிலும் பதிவான ஒரே நிகழ்வைக் கண்டுபிடித்து, வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் மற்ற நேரங்களை ஒப்பிட வேண்டும்.

செய்தித்தாள் பற்றி ஒன்று. ஐந்து பத்திரிகைகளில் வந்தது ஐந்து ஆதாரம் ஆகாது. ஒரே செய்தி நிறுவனத்தின் ஒரே தந்தியாக இருக்கலாம். வாக்கிய அமைப்பும் பெயர்களின் எழுத்துப்பிழையும் ஒத்துப்போனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று என்று எண்ணுங்கள். 1964-ல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் கொலையை "38 பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் போலீஸைக் கூப்பிடவில்லை" என்று பத்திரிகை எழுதியது. உளவியல் பாடப்புத்தகம் வரை போய்விட்டது அந்த எண். என்ன நடக்கிறது என்று புரியுமளவுக்குப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. செய்தியை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸே அந்த விவரிப்பில் பிழை இருந்ததாக ஒப்புக்கொண்டு எழுதியது 2016-ல். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

#3 கோலிகுண்டு

போலீஸ் ஃபைல் இல்லாம வேற என்னத்தத் தேடுறது? மனு போட்டா "விசாரணை நிலுவையில் உள்ளது"ன்னு ஒத்தை வரியில திருப்பி அனுப்பிடுவாங்களே.

#4 ஏட்டுச்சுவடு

"முழுக் கோப்பும் வேண்டும்" என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். குறுக்கிக் கேளுங்கள்: குறிப்பிட்ட தேதியின் கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டுப் பக்கம், அல்லது கோப்பில் உள்ள ஆவணங்களின் பட்டியல் மட்டும். பட்டியல் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும்.

காவல்துறைக்கு வெளியே இருப்பவைதான் உண்மையில் அதிகம். அதே குடும்பத்தின் சொத்து வழக்கு, காப்பீட்டு வழக்கு, விவாகரத்து வழக்கு. யாராவது கைதாகி விடுதலையாகியிருந்தால் அந்த மேல்முறையீட்டுத் தாள்கள்: சாட்சியத்தைக் கேள்வி பதிலாக வரி வரியாகப் படிக்கக் கிடைக்கும் ஒரே இடம் அது. கூடவே பழைய தொலைபேசி விவரப் புத்தகம் (யார் எந்த வீட்டில் இருந்தார்கள்), அந்த வருட நகர வரைபடம், வானிலைப் பதிவு, நிலவு எத்தனை மணிக்கு உதித்தது. "நிலா வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன்" என்ற சாட்சியத்தைப் பஞ்சாங்கம் ஒன்றே தீர்த்துவைக்கும்.

#5 குறுக்குக்கேள்வி

சாட்சி பற்றிய கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் மறைப்பது பெரும்பாலும் கொலையை அல்ல. அந்த இரவில் அந்த இடத்தில் தான் இருக்கக் கூடாத காரணம் ஒன்று இருக்கும்: ஊருக்குத் தெரியாத உறவு, சின்னத் திருட்டு, வேலை நேரத்தில் வெளியே போனது, தங்குவதற்கான தாள்கள் இல்லாதது. அதை மறைக்க முதல் வாக்குமூலத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பார். இப்போது உண்மையைச் சொன்னால் அந்தப் பொய்க்கு வழக்கு வருமோ என்ற பயம். இந்த வகைச் சாட்சிதான் ஆண்டுகள் கழிந்தபின் பேசக்கூடியவர். உறவு முறிந்திருக்கும், மறைக்க வேண்டிய ஆள் இறந்திருப்பார். பழைய வழக்குகளை மறுபடி திறக்கும் அதிகாரிகள், சந்தேக நபருக்கு "அன்று என்னோடுதான் இருந்தார்" என்று சொன்னவரின் இன்றைய குடும்ப நிலையை முதலில் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது வகை, உயிருக்குப் பயந்தவர். மூன்றாவது வகையை இணையம் உண்டாக்கியது: ஒருமுறை பேசி, பிறகு முன்பின் தெரியாதவர்களின் அழைப்பிலும் வசவிலும் சிக்கி வாயை மூடிக்கொண்டவர். இந்த இருவரிடமும் வெளியாளுக்கு வேலையே இல்லை.

முதல் வகையிடம் போவதென்றால்கூட வாசலில் போய் நிற்காதீர்கள். ஒரே ஒரு கடிதம், ஒரு பக்கம். நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள், சொல்வது எங்கே போகும், எந்த எண்ணில் காவல்துறையிடமே நேரடியாகப் பேசலாம். பதில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம் கிடையாது. "உங்கள் பெயர் வெளியே வராது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும், அதனால் அது நிறைவேற்ற முடியாத வாக்கு.

பேச முன்வந்தால்: முதலில் அவரே ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொல்லட்டும், குறுக்கிடாதீர்கள். மௌனம் வந்தால் பத்து விநாடி பொறுங்கள். அவர் உச்சரிக்காத எந்தப் பொருளையும் உங்கள் கேள்வி உச்சரிக்கக் கூடாது. "கார் என்ன நிறம்?" என்று கேட்டால், கார் இருந்தது என்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். 1974-ல் உளவியலாளர்கள் லாஃப்டஸ், பால்மர் இருவரும் செய்த சோதனையை நினைவில் வையுங்கள். விபத்துப் படத் துண்டுகளைக் காட்டி, கார்கள் "நொறுங்க மோதிக்கொண்டபோது" என்ன வேகம் என்று கேட்டவர்களுக்குச் சராசரி விடை மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டவர்களுக்கு 31.8. அவர்களுடைய இரண்டாவது சோதனையில், ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?" என்று கேட்டால், நொறுங்கிய குழுவில் 50-க்கு 16 பேர் ஆம் என்றார்கள், சாதாரணமாக "மோதிய" குழுவில் 50-க்கு 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

புகைப்படம் காட்டவே காட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. முறையான அடையாள அணிவகுப்பில் ஒரு சந்தேக நபரோடு, சாட்சி முதலில் சொன்ன அங்க அடையாளத்துக்குப் பொருந்தும் குறைந்தது ஐந்து வேற்றாட்கள் இருக்க வேண்டும். நடத்துகிறவருக்கே சந்தேக நபர் யாரென்று தெரியக் கூடாது. "அந்த ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்ல வேண்டும். எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் வார்த்தையிலேயே உடனே எழுத வேண்டும். "சரியாகச் சொன்னீர்கள்" என்று ஒரு தலையசைப்பு போதும், அரைகுறை நினைவு நூறு சத உறுதியாகிவிடும். வெல்ஸ், பிராட்ஃபீல்ட் 1998-ல் இதைத்தான் சோதித்துக் காட்டினார்கள். இணையத்தில் வந்த ஒரு முகத்தை நீங்கள் கைபேசியில் நீட்டிய நிமிடத்தோடு, பிறகு நடக்கப்போகும் எந்த அணிவகுப்புக்கும் மதிப்பில்லாமல் போகும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான்.

காவல்துறையே இதில் சறுக்கியிருக்கிறது. ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986 பிப்ரவரி 28 இரவு சுடப்பட்டார். 1988 டிசம்பரில் அவர் மனைவிக்கு வீடியோ அணிவகுப்பு காட்டியபோது, சந்தேக நபர் குடிப்பழக்கம் உள்ளவர் என்ற தகவல் ஏற்கெனவே அவர் காதுக்குப் போயிருந்தது. 1989-ல் அந்த நபருக்கு ஆயுள் தண்டனை, அதே ஆண்டு இறுதிக்குள் மேல்முறையீட்டில் விடுதலை. 2020-ல் அரசு வழக்கறிஞர் வேறொருவர் பெயரைச் சொல்லி வழக்கை மூடினார். அவர் 2000-லேயே இறந்தவர், மறுத்துப் பேச ஆளில்லை. அந்த வேறொருவரும் ஒரு சாட்சிதான்: சம்பவ இடத்தில் இருந்ததாகத் தானே முன்வந்து பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தவர். பேசாத சாட்சியைப் பற்றியே கவலைப்படுகிறோம், அளவுக்கு மீறிப் பேசுகிற சாட்சியையும் கவனிக்க வேண்டும்.

#6 தூண்டில்முள்

யாரும் பொய் சொல்லாமலேயே சாட்சிகள் எல்லாரும் சேர்ந்து தடம் மாற்றவும் முடியும். 2002 அக்டோபரில் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் மறைந்திருந்து சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். ஆரம்பத்தில் ஒரு சாட்சி வெள்ளை வண்டி என்றார், ஊடகம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது, அதன்பிறகு நடந்த இடங்களிலெல்லாம் மக்கள் கண்ணில் வெள்ளை வேன் பட்டது. வெள்ளை வேன் இல்லாத சாலை எங்கே இருக்கிறது? பிடிபட்டபோது குற்றவாளிகள் இருந்தது நீல நிற செவ்ரோலே காப்ரிஸ். அந்த மூன்று வாரத்தில் அந்தக் காரின் எண்ணைப் போலீஸே பலமுறை சரிபார்த்து அனுப்பியிருந்தது.

ஆகவே ஏட்டுச்சுவடு சொன்ன விரிதாளில் இன்னொரு பத்தி: இந்தச் சாட்சி பேசுவதற்கு முன் ஊடகத்தில் என்ன வந்திருந்தது? அதற்குப் பின் சொன்னதெல்லாம் தனிச் சாட்சியம் அல்ல, எதிரொலி.

#7 நிழல்மானி

வீடியோ, படம் பற்றி மட்டும்.

கண்காணிப்புக் கேமராவின் மூலையில் ஓடும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். சில நிமிடம் முன்பின் ஓடுவது சகஜம். கோடைகால நேரமாற்றம் உள்ள நாடுகளில் சரியாக ஒரு மணி நேரம் பிசகியிருக்கும். காட்சியை எடுத்த அன்றே உண்மை நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்திருந்தால்தான் பயன். பழைய பதிவுக் கருவிகள் பல கேமராக்களை ஒரே நாடாவில் மாற்றி மாற்றிப் பதியும், ஒரு கேமராவுக்கு விநாடிக்கு ஓரிரண்டு படம்தான் கிடைக்கும். "அந்த ஆள் நொண்டுகிறான்" என்று ஆயிரம் பேர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் விடுபட்ட படங்களைத்தான். அகலக் கோண லென்ஸில் ஓரத்தில் நிற்பவரின் உயரத்தை நடுவில் நிற்பவரோடு ஒப்பிட முடியாது. உயரம் வேண்டுமென்றால் அதே கேமரா, அதே இடத்தில் அளவுகோலை நிறுத்தி எடுக்க வேண்டும். மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் "தெளிவாக்கினால்" வருவது அந்தச் செயலி கற்பனை செய்த முகம். அதை வைத்து ஒருவரைத் தேடுவது அக்கிரமம்.

நிழல் நல்ல சாட்சி. 2 மீட்டர் கம்பத்துக்கு 2 மீட்டர் நிழல் என்றால் சூரியன் 45 பாகையில். அந்த உயரம் பொதுவாக ஒரு நாளில் இருமுறை வரும், நிழல் விழும் திசை காலையா மாலையா என்று சொல்லிவிடும். தரை சமமாக இருக்க வேண்டும், கம்பத்தின் அடி தெரிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் கணக்குப் போடவே உட்காராதீர்கள்.

கைபேசிக் கோபுரம்: பொதுவாகக் கோபுரத்துக்கு மூன்று முகம், முகத்துக்கு 120 பாகை. அழைப்பு எந்த முகத்தில் பதிந்தது என்பது ஒரு பரப்பைச் சொல்லும், புள்ளியை அல்ல. அருகிலுள்ள கோபுரம்தான் எடுக்கும் என்ற விதியும் இல்லை. 1999 பால்டிமோர் கொலை வழக்கு ஒன்றில், உள்வரும் அழைப்புகளை இருப்பிடத்துக்கு நம்ப வேண்டாம் என்று தொலைபேசி நிறுவனத்தின் தொலைநகல் முகப்புத் தாளிலேயே அச்சிட்டிருந்தது. விசாரணையில் ஒருவரும் அதை எழுப்பவில்லை. 2016-ல் மறுவிசாரணைக்கு ஆணையிட்ட நீதிபதி அதைத்தான் காரணம் காட்டினார். ஆணை பிறகு மேல்முறையீட்டில் நிற்கவில்லை, அது சட்டக் காரணம். முகப்புத் தாளையும் படியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கை பரபரக்கிறவர்களுக்கு: யூரோபோல் 2017 முதல், குழந்தை வன்கொடுமைப் படங்களின் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்த பொருள்களை மட்டும் (ஒரு பை, ஒரு திரைச்சீலை, ஒரு சோப்பு உறை) வெளியிட்டு, இது எந்த நாட்டில் விற்றது என்று கேட்கிறது. மனிதர் யாரையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. வெளியாள் வேலைக்கு இதைவிடச் சுத்தமான வடிவம் கிடையாது.

#8 கோலிகுண்டு

எல்லாம் சரி. ஆனா போலீஸே நிறைய விஷயத்தை வெளிய விடாம வெச்சிருக்காங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? மறைக்கிறதுனாலதானே சதின்னு ஜனங்க பேசுறாங்க?

#9 குறுக்குக்கேள்வி

மறைப்பது பொய் வாக்குமூலத்தைச் சலிப்பதற்கு. 1947 லாஸ் ஏஞ்சல்ஸ் எலிசபெத் ஷார்ட் கொலைக்கு "நான்தான் செய்தேன்" என்று டஜன் கணக்கில் ஆட்கள் வந்தார்கள். பிரபலமான வழக்கு எதுவானாலும் வருவார்கள். குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த இரண்டு மூன்று விவரங்களை ஒதுக்கி வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம். கசிந்த அறிக்கையிலிருந்து அந்த விவரத்தை யாராவது எடுத்து வெளியிட்டால், கடைசியில் உண்மையான ஆள் வந்து ஒப்புக்கொண்டாலும் அது நிரூபணமாகாது.

ஒதுக்கி வைத்ததாக நினைத்தது வெளியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் யார்க்ஷயர் தொடர்கொலை வழக்கு. 1978, 79-ல் கொலையாளி பேரில் மூன்று கடிதம், ஒரு ஒலிநாடா. கொலையாளிக்கு மட்டுமே தெரிந்தது கடிதத்தில் இருக்கிறது என்று விசாரணைக் குழு நம்பியது. அது ஏற்கெனவே செய்தித்தாளில் வந்த சங்கதி. நாடாவில் பேசியவனின் வட்டார உச்சரிப்பு இல்லாதவர்களைக் கழித்துக்கட்டினார்கள். உண்மையான கொலையாளி பீட்டர் சட்கிளிஃபை ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டார்கள், 1981 ஜனவரியில் போலி எண் தகட்டுக்காகத்தான் பிடிபட்டான். கடிதம் எழுதியவன் அகப்பட்டது கடித உறையின் டிஎன்ஏ மூலம். 2006-ல் எட்டு ஆண்டு தண்டனை. விரிதாளில் "இது முதன்முதலில் எப்போது அச்சில் வந்தது" என்ற ஒரு பத்தி அன்றைக்கு இருந்திருந்தால் போதும். அந்த வேலையை நூலகத்தில் உட்கார்ந்து வெளியாள் யாரும் செய்திருக்கலாம்.

#10 அலைவரிசை

சதிக் கதைகள்.

கோட்பாட்டை வைத்திருப்பவரிடம் "ஆதாரம் என்ன?" என்று கேட்காதீர்கள், மூட்டை மூட்டையாகக் கொட்டுவார். "எது நடந்திருந்தால் நீங்கள் சொல்வது தவறு என்று ஆகும்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று, இதில் எத்தனை பேர் வாய்மூடி இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் என்ன லாபம் என்று பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள். "அவர்கள்" என்ற சொல்லுக்குத் தடை.

விளங்காத விவரம் ஒன்று எப்போதும் இருக்கும். கென்னடி கொலை நடந்த 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் தெருவில் நல்ல வெயில், ஓரத்தில் ஒரு ஆள் கறுப்புக் குடை விரிக்கிறார். சமிக்ஞை என்றார்கள், குடைக்குள் விஷ அம்பு என்றார்கள். 1978-ல் லூயி ஸ்டீவன் விட் நாடாளுமன்றக் குழு முன் வந்து சாட்சி சொன்னார்: குடையும் கையுமாகவே அறியப்பட்ட பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஹிட்லரிடம் காட்டிய விட்டுக்கொடுப்புக் கொள்கையை கென்னடியின் தந்தை ஒருகாலத்தில் ஆதரித்ததற்கு அந்தக் குடை எதிர்ப்பு அடையாளம். எந்தச் சதிக்காரரும் கற்பனை செய்ய முடியாத அசட்டுக் காரணம். எந்தத் தெருவையும் விநாடி விநாடியாக ஆராய்ந்தால் ஒரு குடை அகப்படும்.

அதே வழக்கில் அமெச்சூரின் உச்சமும் இருக்கிறது. ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிளின் ஒலிவாங்கி திறந்தே கிடந்ததாகவும், போலீஸ் வானொலியைப் பதிந்த டிக்டாபெல்ட் பட்டையில் நான்காவது வெடி கேட்பதாகவும், புல்மேட்டிலிருந்து ஒருவர் சுட்டதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு என்றும் ஒலியியல் நிபுணர்கள் சொன்னார்கள். 1979-ல் அந்த நாடாளுமன்றக் குழு "சதி இருந்திருக்கலாம்" என்று முடிவு கட்டியது பெரும்பாலும் அதை நம்பித்தான். ஒஹையோவில் ஸ்டீவ் பார்பர் என்ற டிரம்ஸ் கலைஞர், ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் இசைத்தட்டில் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வெடிகள் என்று சொன்ன அதே இடத்தில் வேறொரு அலைவரிசையிலிருந்து கசிந்த குரல் மங்கலாக இருந்தது. அது ஷெரிஃபின் குரல், அந்த வாக்கியத்தை அவர் பேசியது துப்பாக்கிச் சூட்டுக்குச் சுமார் ஒரு நிமிடம் கழித்து. அப்படியானால் அந்த ஒலிகள் வெடிகளாக இருக்க முடியாது. தேசிய அறிவியல் கழகத்தின் குழு 1982-ல் இதை உறுதிசெய்தது.

புதிய கொலையாளி யாரையும் அவர் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு சான்றை எடுத்து, அதன் நேரத்தைச் சரிபார்த்தார், அவ்வளவுதான்.

#11 கோலிகுண்டு

அப்போ சதின்னு ஒண்ணு நடக்கவே நடக்காதா?

#12 அலைவரிசை

நடக்கும். அது வேறு மாதிரி வெளியே வரும். வாட்டர்கேட், 1972 ஜூன்: வாஷிங்டனில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்களிடம் அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட நூறு டாலர் நோட்டுகள், முகவரிப் புத்தகத்தில் வெள்ளை மாளிகையோடு தொடர்புள்ளவரின் பெயர். சில நாளிலேயே தாள் பேச ஆரம்பித்துவிட்டது. உண்மையான சதியில் ரசீது இருக்கும், சம்பளம் இருக்கும், முதலில் பயந்து உளறுகிற கடைநிலை ஆள் இருப்பான். அறுபது வருடமாக ஒரு தாளும் கிடைக்காததையே "எவ்வளவு பெரிய சதி பார்த்தீர்களா" என்பதற்கு ஆதாரமாக வைத்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

#13 மரபுக்கிளை

டிஎன்ஏ வம்சாவளி முறை பற்றி யாரும் எழுதவில்லையே.

குற்றப் பதிவுத் தளங்களில் இருப்பது, டிஎன்ஏவின் சுமார் 20 இடங்களில் சிறு துண்டு எத்தனை முறை திரும்ப வருகிறது என்ற எண்ணிக்கை; அந்த ஆளோ மிக நெருங்கிய சொந்தமோ பதிவில் இருந்தால்தான் பொருந்தும். வம்சாவளி முறையில் ஆறு லட்சத்துக்கு மேல் புள்ளிகளைப் படிக்கிறார்கள், தூரத்து உறவும் தெரியும். உறவின் நெருக்கத்தை, இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவின் அலகான சென்டிமார்கனில் அளப்பார்கள்: உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கிடையே சராசரி சுமார் 866, ஒரு தலைமுறை தள்ளினால் 229, இன்னொரு தலைமுறை தள்ளினால் 73. அந்த மூன்றாம் நிலையில் பத்தில் ஒரு ஜோடிக்குப் பொதுவாக எதுவுமே தெரியாது. ஆகவே "பொருத்தம் இல்லை" என்றால் "உறவு இல்லை" என்று பொருள் கிடையாது.

பொருந்திய ஒவ்வொருவருக்கும் கொள்ளுப்பாட்டனுக்கு மேல் ஒரு தலைமுறை வரை மரம் வரைய வேண்டும், அந்தத் தலைமுறையில் மட்டும் ஆளுக்கு எட்டுத் தம்பதிகள். இரண்டு மரங்களில் பொதுவாக வரும் தம்பதியைப் பிடித்து, அங்கிருந்து கீழே இறங்கி, பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைக் கொண்டு வாரிசுகள் அத்தனை பேரையும் எழுதுவது. பால், வயது, வசித்த ஊர் கொண்டு கழிப்பது. கலிஃபோர்னியாவில் தொடர்கொலையாளி டிஏஞ்சலோ 2018 ஏப்ரல் 24-ல் கைதானது இப்படித்தான். மூன்றாம் நிலை உறவுகளிலிருந்து தொடங்கி சுமார் 25 மரங்கள். கடைசியில் கார் கைப்பிடியிலும் குப்பையில் போட்ட காகிதத்திலும் மாதிரி எடுத்து, வழக்கமான டிஎன்ஏ சோதனையில் உறுதி செய்த பிறகே கைது. மரம் துப்புதான், சான்றல்ல. அதே வழக்கில் முந்தைய ஆண்டு, குறைவான குறியீடுகளை வைத்துத் தேடியபோது ஓரிகனில் முதியோர் இல்லத்தில் இருந்த, சம்பந்தமே இல்லாத ஒரு முதியவரிடம் போய் நின்றார்கள்.

எங்கே கெடும்: சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறை மணம் முடித்த சமூகங்களில் எண்கள் ஊதிப்போகும், 73 வர வேண்டிய இடத்தில் 150 வந்து நிற்கும். தத்து, பதிவில் தவறான தகப்பன். அந்த மக்களிலிருந்து யாருமே தளத்தில் சேராத நிலை. அனுமதி தந்தவர்களை மட்டும் போலீஸ் தேடலில் காட்டுவது என்று, மக்கள் தங்கள் டிஎன்ஏ விவரத்தைப் பதிவேற்றும் ஜெட்மேட்ச் தளம் 2019 மே மாதம் மாற்றியபோது தேடக்கூடிய கூட்டம் ஒரே நாளில் சுருங்கியது.

வெளியாள் கை கொடுக்கக்கூடிய இடம் அடையாளம் தெரியாத உடல்கள். 1948 டிசம்பர் 1 அன்று அடிலெய்ட் கடற்கரையில் கிடந்தவரை ஒற்றன் என்று ஏழு தசாப்தம் எழுதினார்கள். பிளாஸ்டர் முக அச்சில் ஒட்டியிருந்த முடியிலிருந்து, 1905-ல் மெல்பர்னில் பிறந்த கார்ல் வெப் என்ற மின்பொறியாளர் என்று 2022-ல் டெரிக் ஆபட் குழு அறிவித்தது. உளவுக் கதையைத் தாங்குவதற்கு அந்த வாழ்க்கையில் ஒன்றும் இல்லை.

டிஎன்ஏ கிடைக்காதவர்கள் காணாமல் போனோர் பட்டியலை உடல்களின் பட்டியலோடு ஒப்பிடலாம். எலும்பிலிருந்து கணித்த உயரம் பல சென்டிமீட்டர் முன்பின் இருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் எழுதிய உயரமோ பெரும்பாலும் கூட்டிச் சொன்னது. அதனால் உயரத்தை வைத்துக் கழிக்காதீர்கள், பல், பழைய முறிவு, அறுவைச் சிகிச்சைத் தழும்பு வைத்துக் கழியுங்கள். அனுப்புமுன், ஏற்கெனவே "இவர் அல்ல" என்று விலக்கியவர்களின் பட்டியலைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் வருகிற கடிதங்களைப் படிப்பதே அந்த அலுவலகங்களுக்குப் பெரும்பாடு. குடும்பத்துக்கு நேரடியாக எழுதவே கூடாது.

#14 தூண்டில்முள்

டிஎன்ஏவை வேதவாக்காக எடுப்பவர்களுக்கு: ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 சம்பவ இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ. 2007-ல் ஹைல்பிரானில் ஒரு போலீஸ்காரர் கொலை வரை. 2009-ல் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைப் பொதியிட்ட தொழிலாளியுடையது. கிருமி நீக்கியது என்றால் டிஎன்ஏ நீங்கியது என்று அர்த்தமில்லை.

#15 அலைவரிசை

சங்கேதக் கடிதத்தை "உடைத்தேன்" என்று வருகிறவர்களுக்கும் ஒரு சோதனை சொல்லிவிடுகிறேன். ஸோடியாக் என்ற பெயரில் எழுதிய கலிஃபோர்னியத் தொடர்கொலையாளியின் 340 எழுத்துக் கடிதத்தை 2020 டிசம்பரில் ஒராஞ்சாக், பிளேக், வான் ஐக்கே மூவரும் உடைத்தார்கள். வாசிக்கும் திசையை லட்சக்கணக்கில் மாற்றிப் பார்த்து, ஒரு வரி கீழே, இரண்டு எழுத்து வலப்பக்கம் என்ற சாய்வு வரிசையைப் பிடித்தார்கள். ஒரே திறவுகோல் நீண்ட பகுதி முழுதுக்கும் பொருந்தியது, கடிதம் வருவதற்குச் சில வாரம் முன் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றியும் வரி வந்தது. அதே ஆளின் 13 எழுத்துத் துண்டு இருக்கிறதே, அதில் யார் பெயரை வேண்டுமானாலும் பொருத்தலாம். அத்தனை குட்டித் துண்டுக்குச் சரி தவறு பார்க்க வழியே கிடையாது. அங்கிருந்து ஒரு பெயரோடு யாராவது வந்தால் படிக்காமலே கடந்து போங்கள்.

#16 பழுப்புக்கோப்பு

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்து, உண்மையிலேயே ஏதோ ஒன்று முரண்படுகிறது என்று தெரிந்தால் எப்படிக் கொடுப்பது? "நூறு பைத்தியத்தில் நூற்றொன்று" என்று ஒதுக்கிவிடாமல்?

#17 குறுக்குக்கேள்வி

ஒரு பக்கம். முதல் வரியில் வழக்கு எண், தேதி, இறந்தவர் பெயர். இரண்டாவது பத்தியில் ஒரே ஒரு முரண்: "இந்த ஆவணம் இந்தப் பக்கத்தில் இப்படி, அந்த ஆவணம் அந்தப் பக்கத்தில் அப்படி." மூன்றாவது பத்தியில், அதைச் சரிபார்க்க அவர்கள் என்ன செய்யலாம் என்று ஒரு வரி. இணைப்பாக இரண்டு நகல். "மறைக்கிறீர்கள்", "அலட்சியம்", முழுப் பெரிய எழுத்து, மூன்று ஆச்சரியக்குறி எதுவும் வேண்டாம். ஐந்து விஷயம் இருந்தாலும் வலுவான ஒன்றை மட்டும் அனுப்புங்கள், மற்ற நான்கில் ஒன்று பிசகினால் இதையும் சேர்த்து மூடிவிடுவார்கள்.

உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றியது என்றால் பெயரை அந்தக் கடிதத்துக்கு வெளியே எங்கும் எழுதாதீர்கள், இந்த இழையிலும்கூட. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின், காணாமல் போயிருந்த ஒரு மாணவரை ரெட்டிட்டில் குற்றவாளி என்று முடிவுகட்டினார்கள். அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சில நாளில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. அதற்குள் அவரைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு என்னென்ன அழைப்புகள் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "முதலெழுத்து மட்டும் போட்டேன்" என்பதும் செல்லாது, பத்து நிமிடத்தில் ஊகித்துவிடுவார்கள்.

உங்கள் பெயர் வெளியே வரக் கூடாது என்றால் பெயர் கேட்காத தகவல் எண்கள் பல நாடுகளில் உண்டு. 1976-ல் அல்புகர்க்கில் தொடங்கிய கிரைம் ஸ்டாப்பர்ஸ் முறையில் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் தருவார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் சேர்க்க ஏதாவது இருந்தால் அதைச் சொல்லித்தான் சேர்க்க முடியும். நேரடியாக அனுப்பினால் பெற்றுக்கொண்டதற்கான எண் கேளுங்கள். பிறகு பொறுங்கள். பழைய வழக்குப் பிரிவில் ஆட்கள் குறைவு, ஆய்வகத்தில் வரிசை நீளம், மாதங்கள் ஆகும். மாதா மாதம் நினைவூட்டல் அனுப்பினால் கோப்பு மேலே வராது, உங்கள் பெயர்தான் கெட்ட பட்டியலில் ஏறும். புதிய ஆவணம் கையில் வந்தால் மட்டும், பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி ஒரு பக்கம் எழுதுங்கள்.